கார்பன் கிரெடிட்: இந்தியத் திட்டத்தில் யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மரம் நட்டால் அரசு கார்பன் கிரெடிட் பணம் தரும் என்ற பேச்சு ஊர்ப்பக்கம் நிறைய அடிபடுகிறது. அப்படி ஒரு மானியம் கிடையாது. ஒன்றிய அரசு 2023 ஜூனில் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் முதன்மையாக ஆலைகளுக்கானது. மற்றவர்களுக்கு அதில் ஒரு பக்கவாசல் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம்தான் இதற்கு அடிப்படை. திட்டத்தை நடத்துவது பி.இ.இ. (Bureau of Energy Efficiency), அதாவது ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வைக்கிற அதே அமைப்பு. ஒரு டன் கரியமில வாயுவுக்கு, அல்லது அதே அளவு சூடேற்றக்கூடிய வேறு வாயுவுக்கு, ஒரு சான்றிதழ் என்பது கணக்கு. கார்பன் கிரெடிட் என்பது இந்தச் சான்றிதழ்தான். சான்றிதழ்கள் காகிதத்தில் இல்லை. டீமேட் பங்குகளைப் போலப் பதிவேட்டில் எண்களாக இருக்கும். வாங்கல் விற்றல் மின்சார எக்ஸ்சேஞ்சுகள் வழியாக, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

கட்டாயப் பிரிவில் 9 துறைகள்: அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), உரம், இரும்பு-எஃகு, காகிதம், பெட்ரோ கெமிக்கல், பெட்ரோலிய சுத்திகரிப்பு, ஜவுளி. எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளில் இலக்கு வரவில்லை. 2025 அக்டோபரில் முதலில் 282 ஆலைகளுக்கு வந்தது. அதில் 186 சிமெண்ட் ஆலைகள். மீதி காகிதம், குளோர்-ஆல்கலி, அலுமினியம். 2023-24 ஆண்டு வெளியேற்றத்தை அடிப்படையாக வைத்து, 2025-26க்கும் 2026-27க்கும் ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாக இலக்கு கொடுத்திருக்கிறார்கள். நாட்டில் மிக அதிகமாகக் கரியமில வாயு விடும் அனல்மின் நிலையங்கள் இந்த 9 துறைகளில் இல்லை. என் பார்வையில் திட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

இலக்கு எப்படி வேலை செய்கிறது? ஒரு சிமெண்ட் ஆலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு டன் சிமெண்டுக்கு 0.60 டன் வாயு வரை விடலாம் என்று இலக்கு. ஆலை 0.58 டன்னோடு நிறுத்திவிட்டது, அந்த ஆண்டு உற்பத்தி 10 லட்சம் டன் என்றால், 0.02 பெருக்கல் 10 லட்சம்: 20,000 சான்றிதழ்கள் கிடைக்கும். அவற்றை விற்கலாம், அடுத்த ஆண்டுக்குச் சேர்த்தும் வைக்கலாம். மாறாக 0.62 டன் விட்டிருந்தால் 20,000 சான்றிதழ்களை வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால், அந்தச் சுற்றில் சான்றிதழ் விற்ற சராசரி விலையைப் போல இரண்டு மடங்கைச் சுற்றுச்சூழல் இழப்பீடாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இலக்கு ஒரு டன் பொருளுக்குத்தான். மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கிடையாது. அதே ஆலை உற்பத்தியை 12 லட்சம் டன்னாக உயர்த்தி 0.58-லேயே நின்றால் 24,000 சான்றிதழ்கள் பெறும். ஆனால் அதன் மொத்த வெளியேற்றம் 5.8 லட்சம் டன்னிலிருந்து 6.96 லட்சம் டன்னாக ஏறியிருக்கும்! ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தை இப்படி இல்லை. அங்கே மொத்த அளவுக்கே வரம்பு, அதுவும் ஆண்டுதோறும் குறைகிறது. வளர்ந்துவரும் நாட்டில் உற்பத்தியை முடக்க முடியாது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் இந்தச் சந்தை வந்துவிட்டதால் புகை குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சிமெண்டில் அந்த 0.02-ஐக் குறைப்பதும் லேசான காரியமில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் இப்படி வருவது, நிலக்கரிக்குப் பதில் வேறு எதை எரித்தாலும் இது போகாது. அதனால் ஆலைகள், இப்படிச் சுட்டு எடுக்கும் கிளிங்கர் என்ற கட்டியின் பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைக் கூடுதலாகக் கலக்கின்றன. PPC (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று கடையில் விற்கும் சிமெண்ட் அதுதான். அதில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம்.

சரி, பக்கவாசலுக்கு வருவோம். 2023 டிசம்பரில் செய்த திருத்தம், இலக்கு இல்லாத நிறுவனங்களும் தாங்களாக முன்வந்து திட்டங்களைப் பதிவு செய்து சான்றிதழ் பெற வழி செய்தது. இதுதான் ஈடுசெய்தல். குப்பைக்கிடங்கு மீத்தேனைப் பிடித்துப் பயன்படுத்துவது, அலையாத்தி மரங்கள் நடுவது, பசுமை ஹைட்ரஜன் போன்றவற்றுக்குக் கணக்கிடும் முறைகளை முதலில் வெளியிட்டார்கள். இந்தப் பணம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் வேலைக்கு கிரெடிட் கிடைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. எழுதுவது எளிது, நிரூபிப்பது கடினம். உலக அளவில் காடு காக்கும் கிரெடிட்டுகள் மீது எழுந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைத்தன.

விலைக்கும் உத்தரவாதம் இல்லை. பணக்கார நாடுகள் வாயு வெளியேற்றத்தைக் குறைக்க ஒப்புக்கொண்ட கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் உட்பட ஏராளமான இந்தியத் திட்டங்கள் கிரெடிட் வாங்கின. 2008-இல் 20 யூரோவைத் தாண்டிய விலை 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. ஐரோப்பாவில் மந்தம், சந்தையில் கிரெடிட் குவியல், வாங்க ஆளில்லை.

இப்போது நில உரிமையாளர்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அரசுத் திட்டத்தின் ஆட்கள் இல்லை. சட்டக் கட்டாயம் இல்லாமல் நிறுவனங்கள் தாங்களாக வாங்கும் தனியார் தன்னார்வச் சந்தைக்கு கிரெடிட் திரட்டுபவர்கள். அதில் தவறில்லை, கணக்கைத் தெரிந்துகொண்டு பேசினால் போதும். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும் என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. அப்படியானால் ஒரு டன்னுக்கு 50 மரங்கள், அதாவது ஆண்டுக்கு ஒரே ஒரு கிரெடிட். சரிபார்ப்புச் செலவு பெரிது என்பதால் நூற்றுக்கணக்கான விவசாயிகளைச் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். கையெழுத்து போடுமுன், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் மரத்தை வெட்டலாமா, நிலத்தை விற்றால் என்ன ஆகும், விற்ற விலையில் பங்கா அல்லது ஏக்கருக்கு நிலையான தொகையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம், 2023 அக்டோபரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த பசுமை கிரெடிட் திட்டம் வேறு, இது வேறு. சிதைந்த வனநிலத்தில் மரம் வளர்ப்பது போன்ற வேலைகளுக்கான அந்த கிரெடிட்டை ஆலைகளின் கார்பன் இலக்குக்கு ஈடாகக் காட்ட முடியாது.