ஹெடர் அவிநாசி வழி, லைப்ரரி பல்லடம் வழி

போன மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஸ்டிக்கர் அச்சடிக்க சின்னதாக ஒரு சி புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதை பில்ட் செய்தபோது, அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றியபோது, ஒரு வார்னிங்கூட வரவில்லை. ஓட்டினால், லோகோ படத்தைத் திறக்கிற இடத்திலேயே, புரோகிராம் பில்ட் ஆனது லிப்பிஎன்ஜி (பிஎன்ஜி படங்களைப் படிக்கிற லைப்ரரி) 1.6-இல், ஓடுவது 1.5-இல் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

தப்பு என் மேக்ஃபைலில்தான், அதாவது பில்ட் கட்டளைகளை எழுதி வைக்கிற ஃபைலில். லைப்ரரி என்பது யாரோ ஏற்கனவே எழுதி வைத்த புரோகிராம் பகுதிகள், அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஃபைல்தான் ஹெடர். இரண்டையும் தேடுவது ஒரே ஆள் இல்லை. ஹெடரைத் தேடுவது, நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி மாற்றுகிற கம்பைலர். கட்டளையில் மைனஸ் ஐ (-I) போட்டு நாம் கொடுத்த ஃபோல்டர்களை வரிசையாகப் பார்க்கும், அப்புறம் வழக்கமான இடங்கள், அவற்றிலும் கையால் நிறுவுகிறவை போகும் யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) ஃபோல்டர் முதலில். பேர் பொருந்துகிற முதல் ஃபைல் கிடைத்தால் போதும், எந்த வெர்ஷன் என்று கேட்காது. திருப்பூரிலிருந்து கோவைக்கு அவிநாசி வழியாகவும் பஸ் உண்டு, பல்லடம் வழியாகவும் உண்டு. போர்டில் கோவை என்று இருந்தால் வழி கேட்காமல் ஏறிவிடுகிற ஆள் மாதிரிதான் இதுவும்.

லைப்ரரியைத் தேடுவது, அதை நம் புரோகிராமோடு இணைக்கிற லிங்கர், அதற்கு மைனஸ் பெரிய எல் (-L) போட்டுக் கொடுக்கிற ஃபோல்டர்கள் என்று தனி வரிசை. யாரோ 1.6-ஐ யூஎஸ்ஆர் லோக்கலில் கையால் நிறுவியிருந்தார்கள், ஹெடர் அங்கிருந்து வந்தது. நானோ எப்போதோ மேக்ஃபைலில் பழைய லைப்ரரி ஃபோல்டரை எழுதி வைத்திருந்தேன், லிங்கர் நேராக அங்கே போய் 1.5-ஐ எடுத்துக்கொண்டது. லிப்பிஎன்ஜி நல்ல பிள்ளை: ஹெடரில் இருக்கும் வெர்ஷனை நம் புரோகிராம் வழியாகவே வாங்கி, தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இப்படிப் பார்க்காத லைப்ரரி என்றால் இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ஸ்ட்ரக்சரின் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கிற அமைப்பு) அளவு மாறி, சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ் ஆகும், அதைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது ஆளும் உண்டு. புரோகிராம் ஓடும்போது லைப்ரரியை மெமரிக்குக் கொண்டுவரும் லோடர் மறுபடி முதலிலிருந்து தேடும், பில்டில் கொடுத்த -L ஃபோல்டர்களை அது கண்டுகொள்வதே இல்லை. லைப்ரரியைப் புது இடத்தில் நிறுவினால் அதனிடமும் சொல்ல வேண்டும், ரூட் யூசராக (நிர்வாகி உரிமையோடு) எல்டிகான்ஃபிக் (ldconfig) கட்டளையை ஓட்டுவது அதற்குத்தான்.

சரி, நான் என்ன செய்தேன்? கையால் எழுதிய பாதைகளை எடுத்துவிட்டு பிகேஜி-கான்ஃபிக் (pkg-config) என்ற கருவியிடம் கேட்டேன். லைப்ரரியோடு கூடவே நிறுவப்படும் .pc என்று முடியும் ஒரு சின்ன ஃபைலிலிருந்து ஹெடரின் இடம், லைப்ரரியின் இடம் இரண்டையும் அது சேர்த்தே சொல்லும். பில்ட் கட்டளைகளைத் தானே உருவாக்கித் தரும் சிமேக் (CMake) பயன்படுத்துகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: முதல் தடவை கண்டுபிடித்த பாதையை அது கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், அப்புறம் புதிதாக எதை நிறுவினாலும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் நான் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிடுவேன், கொஞ்சம் சோம்பேறித்தனம்தான்.