பழைய ரயில்வே மாதிரியை மெருகேற்றுவதற்கு முன்

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காப்புரிமை கோரியவர்கள், வரைபடத்தோடு தம் கருவியின் மாதிரியையும் ஓர் அடிக்கு மேற்படாத அளவில் செய்து வாஷிங்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அந்த வழக்கம் 1880-இல் முடிவுக்கு வந்தது. எஞ்சிய மாதிரிகளைக் கழித்துவிட 1925-இல் நாடாளுமன்றம் முடிவெடுத்த பின், அவற்றில் பெரும்பாலானவை தனியார் கைகளுக்குப் போயின. பழுதுபார்க்க எங்களிடம் வருபவற்றுள் சில, பித்தளை பளபளக்க, மரம் புது வார்னிஷில் மின்ன வருவதைக் காணும்போது மனம் வலிக்கிறது.

ரயில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் மாதிரியையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில், பெட்டிகள் நெருங்கி வரும்போது தொழிலாளி நடுவில் நின்று இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து முளையைச் செருக வேண்டும். அதில் விரலையும் கையையும் உயிரையும் இழந்தவர்கள் ஏராளம் என்பதால், தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளிங்குக்கு ஆயிரக்கணக்கில் காப்புரிமைகள் குவிந்தன. எலை ஜேனி 1873 ஏப்ரல் 29 அன்று பெற்ற 138,405 எண் காப்புரிமையின் வழிவந்த அமைப்பே நிலைத்தது. 1893-ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கியது. தோற்றுப்போன மற்ற யோசனைகள் பலவற்றுக்கு, எஞ்சியிருக்கும் ஒரே உருவம் நம் மேசைமேல் இருக்கும் மாதிரியாகவே இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். அலுவலகம் கட்டிய காகித அட்டை இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் அடிப்பலகையில் பெயரோ ஊரோ பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று சாய்வொளியில் பாருங்கள். பெயர் கிடைத்தால் காப்புரிமை ஆணையரின் ஆண்டறிக்கைகளில் தேடி, வரைபடத்தை ஒவ்வொரு நெம்புகோலாக ஒப்பிடலாம். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கும் மாதிரிகள் வந்தன. எண் கிடைக்காததால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

வரைபடம் சொல்லாததைப் பொருள் சொல்வதும் உண்டு. சுருள்வில் தொலைந்துபோன ஒரு மாதிரியில், கொக்கி அசைந்து அசைந்து பித்தளைத் தகட்டில் பிறை வடிவில் ஒரு தேய்மானம் விழுந்திருந்தது. கொக்கி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் திரும்பியது என்பதை அதை வைத்தே கணித்தோம். பாலிஷ் போட்டிருந்தால் அந்தத் தடயம் போயிருக்கும். மூட்டுகளில் வெள்ளைப் பொடி மட்டுமே தங்கியிருக்கும்.

கருகிய விளிம்பையும் சுரண்டாதீர்கள். 1877 செப்டம்பர் 24 அன்று காப்புரிமை அலுவலகத்தில் பற்றிய தீயில் ஏறத்தாழ 87,000 மாதிரிகள் அழிந்தன. அந்தக் கருகல், மாதிரி அந்தத் தீயில் தப்பியதன் அடையாளமாக இருக்கலாம். தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் எடுங்கள். பழைய அரக்குப் பூச்சு ஆல்கஹாலில் கரைந்துவிடும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போடுவது உங்களுக்கே ஆபத்து. பிளந்த மரத்துக்கு, பின்னாளில் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பிரிக்கத்தக்க வச்சிரப் பசையே ஏற்றது. தொலைந்த உறுப்பைப் புதிதாகச் செய்தால், மறைவான பக்கத்தில் செய்த ஆண்டைப் பொறித்து, எதை வைத்துச் செய்தீர்கள் என்று எழுதி, மாதிரியோடு சேர்த்தே வையுங்கள்.