கப்பல் மோதினால் சட்டம் யார் பக்கம்? கடலுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. 18ஆவது விதிப்படி, இன்ஜினில் ஓடும் கப்பல் எவ்வளவு பெரியதானாலும் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கும் பாயில் ஓடும் படகுக்கும் ஒதுங்கிப் போக வேண்டும்.

ஆனால் படகைக் கப்பல் இடித்த பிறகு இந்த விதியை நம்பி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பதில், "அந்த நேரத்தில் உங்கள் படகு மீன்பிடிக்கவில்லையே" என்பதுதான். வலையோ மடியோ (இழுவலை) தண்ணீரில் இருந்து, அதனால் படகைச் சட்டென்று திருப்ப முடியாத நிலை இருந்தால்தான் அது மீன்பிடிக்கும் படகு. வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினால் நீங்களும் சாதாரண இன்ஜின் படகுதான், அப்போது வலது பக்கம் குறுக்கே வரும் கப்பலுக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். ஓடிக்கொண்டே பின்னால் இழுக்கும் தூண்டிலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. துறைமுக வாய்க்காலில் வலை விட்டிருந்தாலும் கப்பலுக்குத் தடையாக நிற்கக் கூடாது.

இரவில் எல்லாமே விளக்கில்தான் இருக்கிறது. இழுவலை என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலைகளுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. கலர் கலராக மின்னும் எல்இடியைக் கட்டிவிட்டு இது போதும் என்று தயவுசெய்து இருக்காதீர்கள், கப்பலில் இருப்பவனுக்கு அதை வைத்து ஒன்றும் புரியாது, நாளைக்கு அவன் வக்கீல் முதலில் பிடிப்பதும் அதைத்தான். நங்கூரம் போட்டால் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், ஒருவர் விழித்திருக்க வேண்டும். 2017 ஜூனில் கொச்சிக்கு அப்பால் கப்பல் இடித்த படகில், நங்கூரமிட்டுவிட்டு ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், கப்பல் விலகவில்லை என்று தெரிந்தால் நீங்களும் தப்பிக்கப் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் விதிதான். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள்.

மோதிவிட்டதா? கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் இடத்தையும் நேரத்தையும் பதிந்துகொண்டு, கடலிலிருந்தே கடலோரக் காவல்படைக்கு (1554) சொல்லுங்கள். கப்பல் போன வழியையும் அதை ஓட்டுபவர்கள் பேசுவதையும் பதியும் கருவி, பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், பழைய கருவிகளில் 12 மணி நேரம்தான் மிஞ்சும். நாம் அலைவதற்குள் அது போய்விடும்.

அப்புறம் காவல் நிலையம். இது எங்கள் எல்லை இல்லை, மெரைன் போலீஸுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புவார்கள். பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர்களைக்கூட இப்படித்தான் அலையவிடுகிறார்கள். எல்லை எதுவானாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும், 2017ஆம் ஆண்டின் கடல்சார் சட்டப்படி அது கப்பலையே பிடித்து நிறுத்த உத்தரவிடலாம். கப்பல் நம் கடலை விட்டுப் போவதற்குள் வக்கீலைப் பிடித்தால்தான் உண்டு.

கிளம்பும் முன் படகில் ஏறியவர்கள் பெயரை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் போன் போட்டாவது திருத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் பட்டியலில் இல்லாத ஆள் காணாமல் போனால், அவர் படகில் ஏறினார் என்பதையே அவர் வீட்டார் நிரூபிக்க வேண்டியிருக்கும்.