ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் சொக்சோ பாரம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்த அக்கா அவர். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து கீமோ தொடங்கியதும், "உடம்பைப் பார்த்துக்கோங்கக்கா, நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்று எச்ஆரில் அன்பாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இலாட் பென்சன், அதாவது இயலாமை ஓய்வூதியம், என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தபோது 20 மாதம் ஓடிவிட்டது.

60 வயது ஆகாத, சந்தா கட்டிய தொழிலாளிக்கு உரியது இது. வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்று சொக்சோ டாக்டர்கள் குழு ஒப்புக்கொண்டால் மாதாமாதம் பணம் வரும். நோய் வேலையால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

சிக்கல் மாதக் கணக்கில்தான். பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், சொக்சோவுக்குப் போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா இருக்க வேண்டும். நோய் வந்த நாளை யாரும் பார்ப்பதில்லை. வேலையை விட்டபின் உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 16 மாதம். அக்காவின் 40 மாதத்தில் 20 வெறுமை. நான்கு மாதம் குறைந்ததால் பென்சன் கைநழுவிப் போயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. முதன்முதலில் சொக்சோவில் சேர்ந்த நாளிலிருந்து உள்ள மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால் குறைந்த விகிதத்தில் கிடைக்கும். விடாமல் வேலை செய்தவர்களை அது காப்பாற்றும். நம் பெண்களில் எத்தனை பேர் அப்படி? இந்த அக்கா வேலை செய்தது கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம், பிள்ளைகள் வளர்ந்தபின் மூன்று வருடம். நடுவில் வீட்டில் இருந்த 15 வருடமும் கணக்கில் ஏறிவிட்டது. கட்டிய சந்தாவும் வட்டியும் ஒரே தடவையாக வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே கம்பெனி எதை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டால்தான் விண்ணப்பிக்கலாம் என்பது தவறு. சாதாரண மருத்துவ விடுப்பு போக, வருடத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு 2023 முதல் தனியாகவே உண்டு. வார்டில் படுக்காவிட்டாலும், படுக்க வேண்டிய நிலை என்று டாக்டர் எழுதினால் அதுவும் சேரும். கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் மருத்துவ அறிக்கை. மார்பை எடுத்துவிட்டார்கள், மூன்றாம் கட்டம் என்பது மட்டும் குழுவுக்குப் போதாது. என்ன வேலை செய்ய முடியவில்லை என்பதே கேள்வி. நான் பார்த்த ஓர் அறிக்கையில் இரண்டே வரி: சிகிச்சை முடிந்தது, நிலை சீர். அதை வைத்திருந்தவருக்கு வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். கீமோவால் விரல் நுனி மரத்துப்போய், சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுகிறாள். டாக்டர் கேட்டபோது "ஓகே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அப்படிச் சொல்லாதீர்கள். எதைப் பிடிக்க முடியவில்லை, எவ்வளவு தூக்க முடியவில்லை, எத்தனை நேரம் நிற்க முடியவில்லை என்று தாளில் எழுதிக் கொண்டுபோய், அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருந்தால் கட்டிவிட்டார்கள் என்று நம்பாதீர்கள். சந்தா பட்டியலை எடுத்து மாதம் மாதமாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால் சீட்டோடு புகார் கொடுங்கள். பாரம் கொடுக்கும்போது ஒரு தாள் குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். இன்றைய தேதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேளுங்கள். மேலே சொன்ன 40 மாதமும் அந்தத் தேதியை வைத்துத்தான். மலாய் பேசத் தயங்காத ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

முடியாது என்று கடிதம் வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு டாக்டர்கள் குழுவுக்குப் போகலாம். கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.