மூலவியாதி என்று மறைத்த இரத்தம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை எந்தெந்த எரிபொருள் நிலையத்தில் கழிவறை பூட்டாமல் இருக்கும் என்பதை என்னிடம் வரிசையாக ஒப்புவித்த அந்த இளைஞருக்கு வயது 23. ஊர்க் கழகத்தில் உதைபந்தாடுபவர். ஆட்டமுள்ள நாளில் ஒரு வாய் சோறும் உண்ணாமல், தேநீர்கூடக் குடிக்காமல் மைதானத்துக்குப் போவதை வழக்கமாக்கியிருந்தார். மலத்தோடு இரத்தம் போவதை மூலவியாதி என்றெண்ணி, ஒன்றரை ஆண்டுகளாகத் தாயாருக்கும் சொல்லவில்லை.

"ராவையில எத்தினை தரம் எழும்புறீங்க, தம்பி?" என்று கேட்டேன். குனிந்தபடி நான்கு விரல்களைக் காட்டினார்.

உணவாலோ மனஅழுத்தத்தாலோ வரும் வயிற்றுக் குழப்பம் பெரும்பாலும் உறக்கத்தைக் கலைப்பதில்லை என்பதால், அந்த நான்கு விரல்களே எனக்குப் போதிய எச்சரிக்கையாக இருந்தன. குதவழியே கமெராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிப் பரிசோதனையில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' எனப்படும் பெருங்குடல் அழற்சி உறுதியானது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் குடலின் உட்சுவரையே தாக்கிப் புண்ணாக்கும் நோய் இது. பிறருக்குத் தொற்றாது, உறைப்புக் கறியால் வந்ததுமன்று. இதன் உடன்பிறப்பான குரோன்ஸ் நோய் வாயிலிருந்து குதம் வரை எங்கும் வரக்கூடியது. குடற் காசநோயும் அதே தோற்றத்தில் வருவதால், நம் நாட்டில் இரண்டையும் பிரித்தறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரையில் சில வாரங்களில் இரத்தம் நின்றது. நின்றதும் அவர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கிளினிக்கில் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். இந்நோய் அடங்குமே தவிர மருந்தால் அடியோடு அகன்றுவிடுவதில்லை. அடங்கியிருக்கும் காலத்தில் எடுக்கும் மருந்தே அடுத்த கிளர்ச்சியைத் தடுக்கிறது. மூன்று மாதத்தில் மீண்டும் இரத்தத்தோடு வந்தவர், "இனி விளையாடேலாதா, டொக்டர்?" என்று கேட்டார்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் உதைபந்தாட்ட வீரராக இருந்த டாரன் பிளெட்ச்சரை அவருக்குத் தெரிந்திருந்தது. பிளெட்ச்சருக்கும் இதே நோய் என்பது தெரியவில்லை. பிளெட்ச்சரும் தொடக்கத்தில் சக வீரர்களிடம் மறைத்தே ஆடினார். 2011 டிசம்பரில் நீண்ட ஓய்வு அறிவிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் சத்திரசிகிச்சை. அவ்வாண்டு இறுதியில் மீண்டும் களத்தில் இறங்கினார். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடியதை அல்ல, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியதையே நான் அவரிடம் வியக்கிறேன். 1984 முதல் 2000 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது 1992இல். அத்லாண்டாவிலும் சிட்னியிலும் அவர் துடுப்பு வலித்தது இந்நோயோடுதான். நம் வாவியில் விடியுமுன் தோணி வலிப்பவர்களுக்கு, அதற்கு எவ்வளவு உடல் வலு வேண்டுமென்று நான் விளக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் அந்த வலு வாய்க்காது; நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதையும் அந்தத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் வயிற்றோட்டம் நீடித்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் வெட்கப்படாமல் வைத்தியரிடம் வாருங்கள். நோய் உறுதியானவர்கள் மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அவை குடற்புண்ணைக் கிளறக்கூடும். அழற்சியை அடக்க வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

சென்ற கிளினிக் நாளில் அவர் தாயாரோடு வந்திருந்தார். பயிற்றுநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மைதானத்துக்குப் பக்கத்து வீட்டம்மா, ஆட்டமுள்ள நாளில் பின்கதவைத் திறந்தே வைக்கிறாராம்.