வலார்கள் கடவுள்களா?

போன மாதம் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் தயங்கியபடி வந்தார். "ஃபாதர், பையன் கையில எப்பவும் இந்தப் புத்தகம்தான். பக்கத்துக்குப் பக்கம் சாமிங்க பேரா இருக்கு. படிக்க விடலாமா?" ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல் வெளிவந்த அவருடைய கற்பனைப் புராணம் 'சில்மரில்லியன்' அது.

அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு சக்தி என்று பார்ப்பதைவிட, யார் படைத்தவர், யார் படைக்கப்பட்டவர் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கதையில் படைப்பவர் எரு ஒருவரே. வலார்கள் எனும் பெரும் ஆவிகள் கடலையும் காற்றையும் ஆள்கிறார்கள், ஆனாலும் அவர்கள் எருவின் படைப்புகள். உயிர்தரும் அழியாச் சுடர் எருவிடம் மட்டுமே உண்டு. அதைத் தேடி வெற்றிடத்தில் அலைந்த மெல்கோர் என்ற கலகக்கார ஆவிக்கு அது கிடைக்கவே இல்லை.

வலார்களில் ஒருவரான அவுலேயின் கதையைப் பாருங்கள். கற்றுக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்ற ஏக்கத்தில் அவர் ரகசியமாகக் குள்ளர்களைச் செய்கிறார். அவர் நினைத்தால்தான் அவர்கள் அசைவார்கள், அவ்வளவுதான். எரு கண்டித்ததும், அழுதுகொண்டே அவர்களை நொறுக்கச் சுத்தியலை ஓங்குகிறார். குள்ளர்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள். எரு அதற்குள் அவர்களுக்குச் சொந்த உயிர் தந்துவிட்டார்! விவிலியத்தில் மகனைப் பலியிட ஆபிரகாம் கத்தியை எடுத்த கையை ஆண்டவரின் தூதர் தடுத்த காட்சி எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

திருச்சபையும் இதே கோட்டைத்தான் கவனமாக வரைந்தது. இறைமகன் இயேசு படைக்கப்பட்டவர் என்றார் ஆரியுஸ் என்ற குரு. அப்படியல்ல, தந்தையோடு ஒரே பொருளானவர் என்றது 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம். வானதூதர்களோ படைப்புகள். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் யோவான் காலில் விழப்போனபோது, தானும் ஒரு பணியாளன்தான், கடவுளை வணங்கு என்கிறார் தூதர். வலார்களை இந்த வரிசையில் வைத்துப் படித்தால் குழப்பம் வராது.

இளைஞர்களிடம் நான் காண்பது எதிர்ப்பக்கத் தவறு. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃப் இறந்து திரும்பி வந்தார், அதனால் அவர்தான் இயேசு என்று சொல்லிவிடுகிறார்கள். கத்தோலிக்கரான டோல்கீனே தம் கடிதங்களில் இதை மறுத்திருக்கிறார். காண்டால்ஃப் உடலெடுத்த ஒரு தூதர். கடவுள் மனிதரானது, தாம் எழுதத் துணியும் எதையும்விட மிகப் பெரியது என்றார் டோல்கீன். அந்த உலகத்தில் பெத்லகேம் இல்லை.

அந்தத் தாயிடம், மகனோடு உட்கார்ந்து அவுலேயின் பகுதியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பையனே வந்தான்: "ஃபாதர், எரு ஏன் அவுலேவை மன்னிச்சார்?"