மென்தா, மியாத்தா, ஒற்தலாம்: ஐரோப்பாவில் புதினாவின் பெயர்கள்

பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 23:23-ஐ எடுத்துப் பார்த்தால், ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, செலுத்துகிறவர்களைப் பற்றி இயேசு பேசுவார். வெந்தயம் தெரியும், சீரகம் தெரியும். ஒற்தலாம் என்றால் என்ன? ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாசித்தும் பலருக்கு இன்றுவரை பொருள் பிடிபடாத சொல் இது. றகர மெய்யை அடுத்துத் தகரம் வருவது தமிழ்ச் சொல்லில் இல்லாத வழக்கம். அந்த எழுத்துக்கூட்டே இது வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது.

ஒற்தலாம் என்பது புதினாதான். போர்ச்சுக்கீசிய மொழியில் புதினாவின் பெயர் ஒர்த்தெலாங். எழுதும்போது முன்னால் ஒரு ஹகரம் உண்டு, வாயில் வராது. கடைசி ஆகாரம் மூக்கால் ஒலிக்கும். அந்த மூக்கொலி தமிழில் மகர மெய் ஆயிற்று. ஜன்னலும் சாவியும் அலமாரியும் மேசையும் வந்த அதே கடல்வழியில்தான் இதுவும் வந்தது. அவை வீட்டுக்குள் தங்கிவிட்டன, இது வேதப் புத்தகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பு அதே இடத்தில் புதினா என்று தெளிவாகவே எழுதுகிறது.

ஒர்த்தெலாங்கின் வேர் லத்தீனில் இருக்கிறது. ஒர்த்துஸ் என்றால் தோட்டம். ஒர்த்துலானா என்றால் தோட்டத்துக்குரியது. கொல்லைப்புறத்துக் கீரை என்று நாம் சொல்வது மாதிரிதான். பக்கத்து நாடான ஸ்பெயினில் யெர்பபுவேனா என்கிறார்கள்: நல்ல மூலிகை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு 1847 வரை இதே பெயர்தான், அங்கே மண்டிக் கிடந்த புதினாக் குடும்பச் செடி ஒன்றை வைத்து.

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் இவற்றைவிட அழகு: ஹெடுவோஸ்மோன். ஹெடு என்றால் இனிய, ஓஸ்மே என்றால் மணம். இன்றைய கிரேக்கத்தில் முதல் அசை உதிர்ந்து தியோஸ்மோஸ் என்று வழங்குகிறது. பால்கன் பகுதியில் வேறு கதை. ஓட்டோமான் ஆட்சியின் அடையாளமாக செர்பியாவிலும் போஸ்னியாவிலும் நானா என்ற சொல் புழங்குகிறது. அது துருக்கியின் நானே, அதற்கும் முன்னால் அரபியின் நஃனாஃ.

இந்தச் சிலவற்றைத் தள்ளிவிட்டால், மீதமுள்ள ஐரோப்பா பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் வெவ்வேறு வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லின் மிகப் பழைய சான்று கிரேக்கத்தின் மைசீனி நகர இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. லீனியர் பி என்னும் அசையெழுத்தில் எழுதப்பட்ட மளிகைக் கணக்குகள். மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார். அதில் சீரகமும் எள்ளும் கொத்துமல்லியும் வரும் வரிசையில் 'மி-த' என்று இரண்டே எழுத்து. மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் னகரத்தை அந்த எழுத்துமுறை எழுதாது. த, த்ஹ இரண்டுக்கும் ஒரே குறிதான். க என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காகம், அகம், சங்கம் மூன்றையும் தடங்கலில்லாமல் வாசிக்கிற நமக்கு அது புதிதல்ல. ஆக, 'மி-த' என்று எழுதியிருந்தாலும் வாசிக்க வேண்டியது மின்தா.

பிற்காலக் கிரேக்கர்கள் இதற்கு ஒரு கதை கட்டினார்கள். பாதாள தேவன் ஹேடிஸ் மின்தே என்ற நீர்மகளை விரும்பினான், அவன் மனைவி பெர்செஃபோனே அவளை மிதித்துச் செடியாக்கினாள் என்று. கிரேக்கத்தின் பைலோஸ் நகரத்துப் பக்கத்தில் ஒரு மலைக்கே மின்தே என்று பெயர் இருந்ததாகப் பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பெயர் முதலில் இருந்தது, கதை பின்னால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தச் சொல் கிரேக்கச் சொல்லே இல்லை. அதில் உள்ள 'ன்த்ஹ்' என்னும் ஒலிக்கோவை கொரிந்து என்ற நகரப் பெயர், லாபிரிந்து என்ற புதிர்ப்பாதை, ஹயாசிந்து என்ற பூ ஆகியவற்றிலும் வரும். கிரேக்க மொழி அந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பு அங்கே பேசப்பட்ட, இன்று பெயர்கூடத் தெரியாமல் போன ஒரு மொழியின் எச்சம் என்று மொழியியலாளர்கள் இதைக் கருதுகிறார்கள். பேசியவர்கள் மறைந்து மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர்கள் வைத்த பெயரைத்தான் இன்று பற்பசைக் குழாயில் படிக்கிறோம்.

லத்தீனில் இது மென்தா. இத்தாலி, ருமேனியா, ஹங்கேரி எல்லாம் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டன. பிரெஞ்சில் மோன்த் என்று ஒலித்தாலும், எழுத்தில் அந்தப் பழைய கிரேக்க ஹகரத்தை விடாமல் சுமக்கிறார்கள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேராத பாஸ்க் மொழியில் மெந்தா. இதை நாம் தமிழில் 'ந்த' வாசிக்கிற மாதிரியே, தகரத்தை மென்மையாக்கி வாசிக்க வேண்டும். மூக்கொலிக்குப் பின் வல்லினம் மெலிவது பாஸ்கின் பழைய லத்தீன் கடன்சொற்களில் வழக்கம். நம் பந்து, சந்தை போல.

ஜெர்மானிய மொழிகள் ரோமர்களிடமிருந்து சொல்லை வாங்கும்போதே எகரத்தை இகரமாக்கிவிட்டன: மின்தா. அதிலிருந்து ஆங்கிலத்தின் மின்ட், டச்சின் முன்ட், சுவீடனின் மியுன்டா. ஜெர்மனில் மட்டும் மின்ட்செ. தென்ஜெர்மன் பகுதிகளில் ஏற்பட்ட பெரிய ஒலிமாற்றத்தில் டகரம் ட்ஸ் ஆனது. ஆங்கிலத்தில் பத்துக்கு டென், ஜெர்மனில் ட்சேன் என்பதும் அதே மாற்றம்தான். மின்ட்செவில் அந்தத் தழும்பு இருப்பதால், மாற்றம் நடப்பதற்கு முன்பே அந்த மக்கள் புதினாவை ரோமர்களிடம் பெயரோடு வாங்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒரு கீரையின் பெயரில் இவ்வளவு வரலாறு தங்கியிருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

ஸ்லாவிய மொழிகளில் வேறு விதம். அங்கே 'என்' என்பது சேர்ந்து ஒரே மூக்குயிர் ஆகிவிட்டது. ரஷ்ய மொழியில் அந்த மூக்கொலி அடியோடு போய் மியாத்தா ஆயிற்று, செக் மொழியில் மாத்தா. போலிஷ் மட்டும் எகரத்தின் கீழே ஒரு வால் போட்டு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எழுத்தில் னகரம் கிடையாது; வாசித்தால் மியென்தா என்று அந்த னகரம் காதில் விழும்.

ஆங்கிலத்தில் ஒரு குழப்பம் உண்டு. மின்ட் என்றால் புதினா, நாணயம் அடிக்கும் இடமும்கூட. இரண்டுக்கும் உறவு கிடையாது. நாணயத்து மின்ட் ரோமில் யூனோ மொனேத்தா என்ற பெண்தெய்வத்தின் கோயிலில் இருந்து வந்தது. அங்கேதான் காசு அடித்தார்கள். மொனேத்தாவும் மென்தாவும் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. டச்சிலும் இரண்டும் முன்ட்தான். சென்னையின் மின்ட் தெருவில் புதினாவைத் தேட வேண்டியதில்லை. நாணயத்து மின்ட்டுக்குத் தமிழில் தங்கசாலை என்ற அருமையான சொல் இருக்கிறது, அந்தத் தெருவின் தமிழ்ப் பெயரும் அதுவே.

இனி செடிக்கான தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். புதினா பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் அதேதான். மூலிகை அகராதிகளில் ஈயெச்சக்கீரை, ஈயெச்சிற்கீரை என்ற பெயர்கள் உண்டு. ஆனால் சந்தையில் அப்படிக் கேட்டால் யாரும் ஒரு கட்டு எடுத்துத் தரமாட்டார்கள். தூய தமிழ் வேண்டும் என்பதற்காக அதைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பாவே இரவல் பெயரை மூவாயிரம் ஆண்டாக வைத்துக்கொண்டிருக்கும்போது, புதினாவைத் தமிழாக ஏற்பதில் குறை எதுவும் இல்லை.

சொல் தேவைப்படுவது வகைகளைப் பிரித்துச் சொல்லும்போதுதான். பெப்பர்மின்ட் என்ற செடி, நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து உண்டான கலப்பினம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் அதற்குப் பிப்பெரித்தா என்று பெயரிட்டார், மிளகு போன்றது என்ற பொருளில். மென்தால் மிகுந்திருப்பதால் நாக்கில் சுரீரென்று பிடிக்கும். மென்தால் என்ற பெயரும் மென்தாவிலிருந்து ஆக்கியதே. ஜெர்மனின் ஃபெஃபர்மின்ட்செ, டச்சின் பேப்பர்முன்ட், ரஷ்யாவின் பேரெச்னயா மியாத்தா எல்லாமே மிளகையும் புதினாவையும் சேர்த்த பெயர்கள். தமிழில் பெப்பர்மின்ட் என்றால் மிட்டாய் என்று ஆகிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். செடியைக் குறிக்க மிளகுப் புதினா என்று எழுதினால் குழப்பம் வராது.

ஸ்பியர்மின்ட்டை ஈட்டிப் புதினா என்று பெயர்ப்பதைவிட, அதன் தாவரவியல் பெயரான ஸ்பிகாட்டாவைப் பின்பற்றுவது மேல். ஸ்பிகா என்றால் கதிர். செடியைப் பூக்கவிட்டுப் பார்த்தால் நுனியில் மெலிந்து நீண்ட பூங்கதிர் நிற்கும். கதிர்ப் புதினா என்றால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். இதில் மென்தால் மிகக் குறைவு, மணம் கார்வோன் என்னும் பொருளால் வருவது. அதனால் மிளகுப் புதினாவின் சுரீர் இதில் இராது. துவையலுக்கும் பிரியாணிக்கும் ஏற்றது இந்தக் கதிர்ப் புதினாதான்.